ஏணி ஆரம்பித்த சுருதி

எங்கள் அத்தானின் உயரம் ஆறடி நாலு அங்குலம். அவர் வாழ்க்கையில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்த உயரம்தான் காரணம் என்பது என் கருத்து. ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிற தொழிலுக்கு இவ்வளவு உயரம் தேவையே இல்லை. எல்லாக் கோளாறும் தரையோடு தரையாக, பெட்டிக்குப் பின்பக்கத்தில்தான் இருக்கும். அத்தான் நாலாக மடிந்து உள்ளே போவார். வேலை முடிந்ததும் அவரை விரித்து நிமிர்த்தி வெளியே எடுப்பது என் பொறுப்பு. நான் அவருக்கு மச்சினன், தொழிலில் கூட்டாளி, வேனுக்கு டிரைவர். சம்பளம் இல்லாத அடியாள் என்று அக்கா சொல்வாள்.

இந்த மனிதர் இளவயதில் நாலரை மாதம் ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். ஏதோ கல்யாண மண்டபத்துக் குழு என்று நினைத்துவிடாதீர்கள். பல் பிடுங்கப் போனால் டாக்டர் வீட்டு ரேடியோவில் அவர்கள் பாட்டு ஓடும். லிஃப்டில் ஏறினால் அங்கேயும் அதுதான். அவ்வளவு பெரிய குழு.

பேஸ் கிட்டாருக்குத் தடித்த கம்பிகள் நாலு. அது ஒலிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை, நின்றால்தான் ஏதோ குறைகிறதே என்று தேடுவார்கள். ஃப்ரிட்ஜ் உறுமல் மாதிரி என்று நான் ஒருமுறை சொன்னேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்தக் குழுவின் ஒரு பாட்டு மட்டும் விதிவிலக்கு. அது தொடங்கும்போது எட்டு சுற்றுக்கு பேஸ் கிட்டார் தன்னந்தனியாக வரும், மற்றவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். உலகமே முணுமுணுக்கிற அந்த எட்டு சுற்றை ரெக்கார்டில் வாசித்தது எங்கள் அத்தான். குழுவில் அவர் பெயர் ஏணி.

பிறகு ஏன் துரத்தினார்கள் என்று கேட்பீர்கள். பாடகர்தான் காரணம். ரசிகர்கள் அவரை இடி என்று அழைப்பார்கள். நியாயமாக இடி மேலே இருந்துதான் வர வேண்டும், இவரோ ஐந்தடி இரண்டு. குதிகால் உயர்ந்த பூட்ஸ் போட்டும் அத்தானின் சட்டைப்பை வரைதான் வந்தார். பக்கத்துப் பக்கத்தில் நின்றால் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அழுகிற பையனும் போல இருக்கிறது என்று யாரோ பத்திரிகையில் எழுதித் தொலைத்தார்கள். உட்கார்ந்து வாசி என்றார் இடி. அத்தானுக்கு அப்போது இளரத்தம். "நான் என்ன ஆஸ்பத்திரியில இருந்தா வந்திருக்கேன், உக்காந்து வாசிக்க?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரமே அந்த இடத்தில் ஒரு குள்ளமான ஆள் நின்றிருந்தார். ரெக்கார்டின் அட்டைப் படத்திலும் கைவைத்தார்கள். இடியின் தலைக்கு மேலே அரை அங்குலம் விட்டுப் படத்தை வெட்டியதில், அத்தான் கழுத்தோடு நின்றுபோனார்.

இதையெல்லாம் வைத்து அத்தான் புலம்பித் திரிந்தார் என்று நினைக்க வேண்டாம். யாராவது கேட்டால் சொல்வார், அவ்வளவுதான். சிக்கல் வந்தது மகளால். ஒரே மகள், பதினாறு வயது, மூக்குக்கு மேல் கோபம், அக்காவின் அச்சு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா சொன்னதை எல்லாம் நம்பினாள். பத்தாம் வகுப்பில் அந்த அட்டையைப் பள்ளிக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறாள். "தலையே இல்லையே, இது எங்க மாமான்னு நானும்தான் சொல்லலாம்" என்று பிள்ளைகள் கும்மியடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அட்டையை மேஜையில் விசிறிப் போட்டாள்.

"இனிமே இந்தக் கதையை யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா. எனக்குத்தான் அசிங்கமா இருக்கு."

"கதை இல்லடா அது."

"ரீல் விடாதீங்கப்பா, ப்ளீஸ்."

அத்தான் அட்டையை எடுத்துப் பீரோ மேல் வைத்தார். அன்றிலிருந்து அவர் வேனில்கூட அந்தப் பாட்டைப் போடுவதில்லை. வந்தால் நிறுத்திவிடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மனுஷன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியத்தைப் பெற்ற பெண்ணே பொய் என்கிறாள், அவர் என்ன செய்வார்?

இப்படி இருக்கையில்தான் போன் வந்தது. நாங்கள் ஒரு ஐஸ்கிரீம் கடையில் இருந்தோம். அத்தான் இடுப்பு வரை பெட்டிக்குள். நான் போனை உள்ளே நீட்டினேன். 'டொங்' என்று ஒரு சத்தம், தலை இடித்துக்கொண்டார். வெளியே வந்தவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

பேசியது குழுவின் கிட்டார்காரர். குழுவைக் கலைக்கப் போகிறார்களாம், கடைசிக் கச்சேரி சனிக்கிழமை. பேஸ் வாசிக்கிற குள்ளர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம். பழைய பாட்டெல்லாம் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை, வர முடியுமா என்று கேட்கிறார். அப்புறம் ரொம்பத் தயங்கி, "உக்காந்துதான் வாசிக்கணும்" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நாற்காலி என்ன, தரையில உக்காரச் சொன்னாலும் உக்காருவேன்னு சொன்னேன். மாப்ளே, முன்வரிசையில ரெண்டு சீட் கேட்டிருக்கேன். ஒண்ணு உங்க அக்காவுக்கு."

இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஒத்திகை. ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தை, நடுவில் வயர் கூளம். ஒரு காலத்தில் பெண்கள் பார்த்ததும் மயங்கி விழுந்த ஆட்களாம் இவர்கள். ஒருவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் மாத்திரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். இடி இன்னும் வந்திருக்கவில்லை. அத்தான் பீரோ மேலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொண்டுவந்த தன் பழைய பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, நேராக அந்தப் பாட்டின் எட்டு சுற்றை ஆரம்பித்தார்.

ரெண்டாவது சுற்றில் கிட்டார்காரர் ஓடி வந்து கம்பிகளைக் கையால் அமுக்கினார். இன்னொருவர் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏணி, மெதுவா! நாங்க இப்போ அந்தச் சுருதியில வாசிக்கறதில்ல."

"இந்தப் பாட்டு மூணு கட்டைதானே?"

"இருந்துச்சு. அவனுக்குக் குரல் ஏறல. முதல்ல அரைக் கட்டை இறக்கினோம், அப்புறம் இன்னொரு அரை, அதுக்கப்புறம் இன்னும் ஒரு அரை. இப்போ ஒன்றரைக் கட்டையில வந்து நிக்குது."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

கிட்டார்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்குத் தெரியாது. அவன் வர்றதுக்கு முன்னாடியே எல்லாக் கம்பியையும் தளர்த்தி வெச்சிருவோம். கீபோர்டுல ஒரு பட்டன் அமுக்கினா வேலை முடிஞ்சுது. தன் தொண்டை இன்னும் அப்படியே இருக்குன்னு நெனச்சிட்டிருக்கான், பாவம். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான். பதினஞ்சு வருஷமா காப்பாத்திட்டு வர்றோம், நீ போட்டு உடைச்சிடாதே."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிரம்ஸ்காரர் மட்டும் என்னோடு சேர்ந்து சிரித்தார். அவருக்கென்ன, எந்தக் கட்டையாக இருந்தாலும் ஒரே அடிதான். அத்தான் சிரிக்கவில்லை. அவர்கள் கொடுத்த, கம்பி தளர்த்திய வேறொரு பேஸ் கிட்டாரை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அதே பாட்டு, அதே எட்டு சுற்று. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், ஈரத்தில் ஊறின பலகையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. வேனில் திரும்பும்போது அத்தான் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "பாட்டு தூங்குது மாப்ளே" என்றார்.

சனிக்கிழமை மத்தியானமே திடலுக்குப் போய்விட்டோம். மேடைக்குப் பின்னால் வரிசையாகத் தகர அறைகள். சாயங்காலம் நெருங்குகிற நேரத்தில் ஒருவன் வந்து, "ஏணியை இடி கூப்பிடறார்" என்றான். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். பழைய கிட்டார் பெட்டி என் கையில் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை.

இடி கண்ணாடி முன் உட்கார்ந்து முகத்துக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தார். கிட்டத்தில் பார்த்தால் பூச்சுக்குக் கீழே சாதாரணமான ஒரு கிழவர். எழுந்து நிற்கவில்லை. நின்று என்ன பிரயோஜனம் என்று நினைத்திருப்பார்.

"நேத்து நீ ஆரம்பிச்சப்போ நான் கதவுக்கு வெளியிலதான் நின்னுட்டிருந்தேன்" என்றார்.

அத்தான் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஒன்றரைக் கட்டைன்னு எனக்குத் தெரியாதுன்னு அவனுங்க நெனச்சிட்டிருக்கானுங்க. பாடறவன் நான், எனக்குத் தெரியாமப் போகுமா? என் மனசு நோகக்கூடாதுன்னு பதினஞ்சு வருஷமா அவனுங்க ஒளிக்கிறானுங்க. அவனுங்க மனசு நோகக்கூடாதுன்னு நானும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி இருக்கேன். என்ன பிழைப்பு பாரு."

"இப்போ என்ன செய்யணும்கிற?"

"இன்னைக்கு விட்டா இனிமே அந்தப் பாட்டு இல்ல. ஒரு தடவை அதோட இடத்துல பாடிப் பாத்துடறேன். அவனுங்ககிட்ட கேட்டா விட மாட்டானுங்க. ஆனா ஆரம்பம் உன் கையிலதானே இருக்கு? உன் பழைய கிட்டாரை எடு, மூணு கட்டையில ஆரம்பி. மத்தவனுங்க பின்னாலயே ஓடி வந்துதான் ஆகணும். அந்தப் பாட்டுக்கு நீ எழுந்து நின்னுக்கோ."

"உனக்கு எட்டுமா?"

"தெரியல."

"எட்டலைன்னா?"

இடி கண்ணாடி வழியாகவே அத்தானைப் பார்த்தார். "எட்டலைன்னா, நீ தப்பா ஆரம்பிச்சிட்டேன்னு சொல்லிடுவேன். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் என்னைத் திட்டாதே."

என்ன துணிச்சல் பாருங்கள். என் கையில் இருந்த பெட்டியால் அந்த மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. அத்தானோ கடகடவென்று சிரித்தார். "இந்த ஒரு விஷயத்துல நீ யோக்கியன்டா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "அத்தான், உங்களுக்குக் கிறுக்கா? முன்வரிசையில உங்க பொண்ணு உக்காந்திருக்கு. இன்னைக்கு ஒரு நாள் ஒழுங்கா வாசிச்சா போதும், இத்தனை வருஷம் பேசின வாயெல்லாம் மூடிக்கும். அதை விட்டுட்டு இந்த ஆளுக்காகப் பழியைத் தலையில கட்டிக்கப் போறீங்களா? அவர் தொண்டை என்னன்னுதான் நேத்தே தெரிஞ்சுபோச்சே. எட்டவே எட்டாது."

"எட்டாதுதான்."

"அப்புறம்?"

அத்தான் நெற்றியைத் தடவிக்கொண்டார். ஐஸ்கிரீம் பெட்டியில் இடித்த வீக்கம் இன்னும் வற்றவில்லை. "மாப்ளே, அப்பா நெஜமாத்தான் வாசிச்சாருன்னு அவ நம்பணும்னு எனக்கு ஆசைதான். எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியும். ஆனா நேத்து வாசிச்சோமே, அதைக் கேட்டுட்டு, இதுக்கா நம்ம அப்பா இத்தனை வருஷம் அலட்டிக்கிட்டார்னு அவ நெனச்சா? நம்பி என்ன, நம்பாம என்ன? நான் வாசிச்சதை அவ ஒரு தடவையாவது நேர்ல கேக்கணும். பேர் கெட்டாக் கெடட்டும்."

"அக்கா என்னை உரிச்சிடுவா."

"நீ வாயைத் திறக்கக் கூடாது. அக்காகிட்டயும் சரி, அவகிட்டயும் சரி. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன்.

வெயில் சாயும்போது கச்சேரி ஆரம்பமானது. கண்ணுக்கு எட்டியவரை தலைகள். அத்தான் மேடை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டுக்குப் பாட்டு நல்ல பிள்ளையாக ஒன்றரைக் கட்டைக்குத் தாழ்ந்து வாசித்தார். அவர்மேல் விளக்குகூட சரியாக விழவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து முன்வரிசையை எட்டிப் பார்த்தேன். அக்கா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாக அந்தப் பாட்டு. விளக்கெல்லாம் அணைந்தது. நான் குனிந்து போய்ப் பழைய கிட்டாரைக் கொடுத்து, மற்றதை வாங்கிக்கொண்டேன். செண்டிமெண்ட் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் யாரும் கேட்கவில்லை. அத்தான் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார். அவர் மேல் ஒற்றை விளக்கு விழுந்தபோது கூட்டம் 'ஓ' என்றது.

ஆரம்பித்தார். மூணு கட்டை.

அந்த எட்டு சுற்றை நான் என்னவென்று சொல்ல? என் காலடிப் பலகை நடுங்கியது, நெஞ்சுக்கூடு நடுங்கியது. இவரையா நான் தினமும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து காலைப் பிடித்து இழுக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைப்பானேன்? மேடையின் மறுபக்கம் கிட்டார்காரர் கண்ணாலேயே கொலை செய்துகொண்டிருந்தார். கீபோர்டுக்காரர் எந்தப் பட்டன் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது சுற்றில் எப்படியோ விழுந்து புரண்டு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். இடி வாயைத் திறந்தார்.

முதல் வரி எட்டியது. சத்தியமாக எட்டியது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. ரெண்டாவது வரியைத் தட்டுத்தடுமாறிப் பிடித்தார். மேலே ஏறுகிற இடம் வந்தது. இடியின் தொண்டையிலிருந்து கிளம்பியது கழுத்தைப் பிடித்த சேவலின் சத்தம்.

அவர் கையைத் தூக்கினார். எல்லாம் நின்றது. பிறகு இடி ஒலிவாங்கியில் சிரித்தார்.

"பாவம், நம்ம ஏணி! ரொம்ப வருஷம் கழிச்சு வந்திருக்கான், சுருதி மறந்துட்டான். தப்பா ஆரம்பிச்சிட்டான். ஒரு கை தட்டுங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டியது. பெரிய திரையில் அத்தான் முகம் வந்தது. பத்து ஆள் உயரத்துக்கு முகம் மட்டும், நெற்றி வீக்கம் உட்பட. அத்தான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, யாரும் சொல்லாமல் தானாகவே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மற்ற கிட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றரைக் கட்டையில் பாட்டு முதலிலிருந்து நடந்து, சுகமாகத் தூங்கி, முடிந்தது.

முடிந்தபின் நாங்கள் வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது இடி வந்தார். பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெறும் காலோடு அத்தான் பக்கத்தில் வந்து நின்றார், அவர் விலாவுக்குத்தான் இருந்தார்.

"எட்டலடா" என்றார்.

"முதல் வரி எட்டுச்சே."

"எட்டுச்சு, இல்ல?" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது கிழவருக்கு. நன்றி, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்படியே போய்விட்டார்.

வேனில் அக்கா முன்சீட்டில் ஏறினாள். பின்னால் அத்தான் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்கார, பக்கத்தில் மகள். ஏறியதும் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குள் எல்லார் போனிலும் அந்தக் காட்சி சுற்ற ஆரம்பித்துவிட்டது. 'சுருதி மறந்த ஏணி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"முகம் என்னவோ நல்லா விழுந்திருக்கு" என்றாள் அக்கா. "ஆனா இத்தனை நாள் பெருமையடிச்ச பாட்டையே மறந்துட்டீங்களே, எப்படிங்க?"

"வயசாச்சில்ல" என்றார் அத்தான்.

எனக்கு நாக்கு துடித்தது. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கண்ணாடியில் அத்தான் என்னை முறைத்தார். மூடிக்கொண்டேன். அவர் மகளின் பக்கம் பார்க்கவே இல்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நன்றாக இருட்டிவிட்டிருந்தது, ரோட்டு விளக்குகளின் வெளிச்சம் வேனுக்குள் வந்து வந்து போனது. கொஞ்ச தூரம் போனபின் மகள் ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுத்தாள்.

"அப்பா, நான் ரெக்கார்டைத்தான் கேட்டுட்டிருந்தேன். நாலு தடவை கேட்டேன்."

"ம்."

"இதுல இருக்கறதும் நீங்க முதல்ல வாசிச்சதும் ஒண்ணு. அதே சத்தம். ரெண்டாவது வாசிச்சதுதான் வேற." அவள் முழுதாக அப்பா பக்கம் திரும்பினாள். "தப்பு உங்க மேல இல்ல. அந்த ஆளுக்குத்தான் பாட வரல. சரிதானே?"

அத்தான் விரல் நுனிகளைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் முழுக்க நான் ரோட்டைப் பார்க்காமல் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா" என்றார். "நான்தான் தப்பா ஆரம்பிச்சேன். சுருதி மறந்துபோச்சு."

மகள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரீல் விடாதீங்கப்பா" என்றாள்.

அத்தான் சிரித்தார். சிரிப்பு வர வர முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா திரும்பிப் பார்த்து, "என்னடி, உங்க அப்பா அழறாரா சிரிக்கிறாரா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. நான் ரோட்டைப் பார்த்து வேனை ஓட்டினேன்.